ஆக்டைல் குளுக்கோசைடு: போரின் புரத ஆய்வுக்கு வாங்கலாமா?

பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் கடத்துப் புரதங்களான போரின்களைப் படிகமாக்க முனைபவர்கள் என்றாவது ஒருநாள், சவ்வைக் கரைக்கும் இந்த டிடர்ஜென்ட்டிடம் வந்து சேர்வார்கள். எட்டுக் கார்பன் வாலும் குளுக்கோஸ் தலையும் கொண்ட இந்த வெள்ளைத் தூளைப் போரின்களைச் சுத்திகரிக்கப் பல புட்டிகள் செலவழித்த பிறகே இதை எழுதுகிறேன்.

வால் குட்டையாக இருப்பதால் புரதத்தைச் சுற்றி அமையும் மைசெல்லும் (டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் சேர்ந்த திரள்) சிறியதாகிறது. எனவே புரதத்தின் நீர்விரும்பும் பகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டு அண்டையிலுள்ள மூலக்கூறுகளைத் தொட்டுப் படிகமாக அடுக்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. கராவிட்டோவும் ரோசன்புஷ்ஷும் 1980இல் ஈ.கோலையின் போரினைப் படிகமாக்கியது இதில்தான். உட்சவ்வுப் புரதங்கள் பல இதில் குலைந்துவிடும். ஆனால் 16 பீட்டா இழைகள் பீப்பாய்ப் பலகைகள் போல இறுகப் பிணைந்து, மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும் ஓஎம்பிஎஃப் என்ற ஈ.கோலை போரின் அப்படிப்பட்டதல்ல. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒரு மாதிரியைக் கொதிக்கவைத்தும் இன்னொன்றை அப்படியேயும் ஓட்டினால், முன்னது 37 கிலோடால்டன் அருகே இறங்கி நிற்க, பின்னது மூன்றும் பிரியாமல் மேலேயே தங்கிவிடுவதைக் காணலாம். ஆக்டைல் குளுக்கோசைடில் சில வாரங்கள் வைத்திருந்த மாதிரியிலும் அந்த மேல் பட்டை எனக்கு மங்கவில்லை.

குறை, செலவாகும் அளவில் இருக்கிறது. மைசெல் உருவாகவே 20 முதல் 25 மில்லிமோலார் வரை, அதாவது ஏறத்தாழ 0.7 சதவீதம் தேவை. டிடிஎம் என்ற மற்றொரு டிடர்ஜென்ட்டுக்கோ 0.17 மில்லிமோலாரே போதும். புரதங்களைப் பிரிக்கும் நிறப்பிரிகைக் குழாயைக் கழுவ 1 சதவீதப் பஃபர் ஒரு லிட்டர் தயாரித்தால் 10 கிராம் தூள் கரைந்துபோகும், அந்தப் பஃபரில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகிறது. இதே குணம், நுண்துளைச் சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும் டயாலிசிஸில் வரமாகிறது: டிடிஎம்மை அகற்றத் திணறும் இடத்தில் இது எளிதாக வெளியேறிவிடும்.

தூய்மையை லேபிளை நம்பி ஏற்காதீர்கள். ஒரு விற்பனையாளர் அனுப்பிய புட்டியில் தூள் கட்டிகட்டியாக இருந்தது. அதில் தயாரித்த 10 சதவீதக் கரைசலைக் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைத்தபோது அடியில் படிவு இறங்கியது. நமக்குத் தேவையான பீட்டா வடிவத்தோடு, அதே மூலக்கூறின் இன்னொரு அமைப்பான, குளிரில் சரியாகக் கரையாத ஆல்ஃபா வடிவமும் கலந்திருந்ததே காரணம் என்று கருதுகிறேன். புகார் கொடுத்தும் பதில் வரவில்லை. தூள் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், உறைபெட்டியிலிருந்து எடுத்த புட்டி அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. (அவசரத்தில் நானும் ஒருமுறை திறந்து ஐந்து கிராமைக் களிம்பாக்கியிருக்கிறேன்.)

இப்போது உட்சவ்வைச் சார்கோசில் என்ற டிடர்ஜென்ட் கொண்டு முதலில் கரைத்து நீக்கிவிட்டு, வெளிச்சவ்விலிருந்து புரதத்தை எல்டிஏஓ என்ற மலிவான டிடர்ஜென்ட்டால் பிரித்தெடுத்து, கடைசி அளவுப்பிரிப்புக் குழாயில் மட்டும் ஆக்டைல் குளுக்கோசைடுக்கு மாற்றுகிறேன். இப்படிச் செய்தால் ஒரு சுத்திகரிப்புக்கு மூன்று கிராமுக்கு மேல் ஆவதில்லை. கிரையோ மின்னணு நுண்ணோக்கிக்கு மாதிரி தயாரிப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இவ்வளவு அடர்த்தியான டிடர்ஜென்ட் பின்னணியில் புரதத்தின் உருவம் மங்கிவிடும்.