ப்ளூ மவுண்டனா, கெய்ஷாவா? இரு மலைக்காப்பிகள்

தேக்கா சந்தையில் நாம் அன்றாடம் குடிக்கும், பால் சேர்க்காத கோப்பி ஓவைவிடப் பத்து மடங்குக்கும் மேலான விலையில் மலைக்காப்பிகள் இப்போது சிங்கப்பூர்க் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பலரும் ஒப்பிட்டுப் பேசுபவை ஜமைக்காவின் ப்ளூ மவுண்டனும் பனாமாவின் கெய்ஷாவும். இரண்டுமே அராபிகா இனக் காப்பி, இரண்டுமே மலையில் விளைபவை. ஆயினும், முன்னதில் நாம் பெயருக்கும் பின்னதில் சுவைக்கும் பணம் கொடுக்கிறோம் என்பதே என் கருத்து.

ஆயிரம் மீட்டர் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை ஏறக்குறைய ஆறு டிகிரி செல்சியஸ் குறைகிறது. அந்தக் குளிரில் பழம் நிதானமாகப் பழுப்பதால் கொட்டை இறுகி, அமிலமும் இனிப்பும் நிறைந்த சுவை அதற்கு அமைகிறது. ஆனால் பையில் அச்சிட்டிருக்கும் மீட்டர் கணக்கை மட்டும் வைத்து இரண்டையும் எடைபோடுவது சரியன்று. ஜமைக்கா நிலநடுக்கோட்டிலிருந்து 18 டிகிரி வடக்கே இருக்கிறது. கெய்ஷாவுக்குப் பெயர்பெற்ற பனாமாவின் பொக்கேத்தே பகுதி 9 டிகிரிக்குள் அடங்குகிறது. ஆகவே, ஜமைக்காவில் 1,200 மீட்டரில் கிடைக்கும் குளிருக்குப் பொக்கேத்தேயில் இன்னும் மேலே ஏற வேண்டியிருக்கும்.

ப்ளூ மவுண்டன் என்ற பெயரைச் சட்டம் காக்கிறது. குறிப்பிட்ட மலைப்பகுதிகளில், சுமார் 900 முதல் 1,700 மீட்டர் வரை விளைந்த காப்பிக்கே அப்பெயர் உரியது. விளைச்சல் குறைவு, அதிலும் பெரும்பங்கு நெடுங்காலமாக ஜப்பானுக்குச் சென்றுவிடுகிறது. இன்றும் அது மரப்பீப்பாய்களில் ஏற்றுமதியாவது பார்க்க அழகுதான், ஆனால் பீப்பாய் சுவையைக் கூட்டிவிடாது.

கெய்ஷாவின் கதை வேறு. எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளிலிருந்து 1930களில் சேகரிக்கப்பட்ட இந்த வகை, கோஸ்டா ரிகா வழியாகப் பனாமாவை அடைந்து, விளைச்சல் குறைந்த செடி என்பதால் பல ஆண்டுகள் மதிப்பாரற்றுக் கிடந்தது. ஹசியெந்தா லா எஸ்மெரால்டா தோட்டத்தின் பீட்டர்சன் குடும்பத்தினர், எல்லாப் பகுதிகளின் கொட்டைகளையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே சுவைத்துப் பார்த்தபோதுதான், மேட்டுப் பகுதியில் நின்ற அந்தச் செடிகளின் தனித்தன்மை வெளிப்பட்டது. 2004ஆம் ஆண்டின் பனாமா காப்பிப் போட்டியில் அது முதலிடம் பெற்று, ஏலத்தில் ஒரு பவுண்டு எடை 21 அமெரிக்க டாலருக்கு விலைபோனது. 2019இல் பனாமாவின் எலிடா தோட்டத்துக் கெய்ஷா பவுண்டுக்கு 1,029 டாலரைத் தொட்டது. செடி, உயரம், தனியே பிரித்துப் பார்த்த கவனம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் விளைந்த விலை இது.

வீட்டில் இரண்டையும் ஒரே அளவில், ஒரே சூட்டில் வடித்து அருகருகே வைத்தேன். ப்ளூ மவுண்டன் மென்மையாக, கசப்பின்றி, கொட்டைப்பருப்பின் வாசத்தோடு நாவில் இறங்கியது. எங்கும் குறை சொல்ல முடியவில்லை, எங்கும் வியப்பும் இல்லை. கெய்ஷாவில் வெந்நீர் விழுந்த கணமே மல்லிகை மணம் எழுந்தது. பத்து நிமிடம் ஆறிய பின் எலுமிச்சையும் பீச் பழமும் தெளிவாகத் தெரிந்தன. குவளையின் அடியில் மீந்த, ஆறிய கடைசி மிடறுதான் எல்லாவற்றிலும் இனித்தது.

பாலும் சர்க்கரையும் சேர்ப்பவர்கள் இரண்டையுமே வாங்க வேண்டியதில்லை. அதற்கு வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து வறுத்த நம் ரொபஸ்டா கோப்பியும், டிகாக்‌ஷன் இறக்கிய ஃபில்டர் காப்பியுமே பொருத்தம். கெய்ஷாவின் மணம் பாலில் மூழ்கிப்போகும்.

ப்ளூ மவுண்டன் வாங்குவோர் ‘கலவை’ என்ற சொல் பையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அதில் அசல் கொட்டை மிகச் சிறிதளவே இருக்கலாம். கெய்ஷாவிலோ தோட்டத்தின் பெயரும் வறுத்த தேதியும் இல்லாத பையைத் தொடாதீர்கள், ஏனெனில் தாழ்நிலத்தில் பயிரான கெய்ஷாவும் அதே பெயரில்தான் வருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த பை விரைவில் மணம் இழப்பதால், நூறு கிராமுக்கு மேல் ஒருமுறையில் நான் வாங்குவதில்லை. அந்த நூறு கிராமுக்கு என் தேர்வு கெய்ஷாதான்.