வக்கரேஸ் ஏரிக்கரை நடை: காஷோல் விளக்குக்கு மேற்கிலிருந்தா, கிழக்கிலிருந்தா?

வக்கரேஸ் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு கிளம்பினால் ஏமாற்றம்தான். அப்படியொரு சுற்றுப்பாதை இல்லை. தெற்கு பிரான்ஸில் ஆர்ல் நகருக்குச் சற்று மேலே ரோன் ஆறு இரண்டாகப் பிரிகிறது. அந்த இரு கிளைகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கமார்க் கழிமுகத்தின் பள்ளமான பகுதியில்தான் இந்த உவர்நீர் ஏரி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 6,500 ஹெக்டேர். ஆழம் பெரும்பாலான இடங்களில் 2 மீட்டருக்குள்தான். ஏரியும் அதற்குத் தெற்கே உள்ள சிறு கழிகளும் 1927 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, இன்று தேசிய இயற்கைக் காப்பகம். உள்ளே இறங்கி நடக்க அனுமதியில்லை. விளிம்பில் திறந்துவிட்டிருக்கும் துண்டுப் பாதைகளில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, கார் இருக்கிறது என்றால் எங்கள் ஓட்டு கிழக்குப் பக்கத்துக்கு. காஷோல் கலங்கரை விளக்கத்திலிருந்து மேற்கு நோக்கிக் கடல் தடுப்புக்கரை மேல் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது. பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர்மாறு: சேந்த்-மரி-த-லா-மேர் ஊரிலிருந்து கிளம்பி, கிழக்கே விளக்கு வரை போய், வந்த வழியே திரும்புகிறார்கள். கரை ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான். எந்த முனையில் தொடங்குகிறோம் என்பதில்தான் நாள் நன்றாக அமைவதும் கெடுவதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வடமேற்கே பொன் த ரூஸ்தியில் கமார்க் அருங்காட்சியகத்தின் பின்னால் 3.5 கி.மீ. பாதை இருக்கிறது. பழைய ஆட்டுக்கொட்டகைதான் இப்போது அருங்காட்சியகம். நெல்வயல், வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சதுப்பு என்று கழிமுகம் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஏரி கண்ணில் படாது. சேந்த்-மரிக்கு வடக்கே பொன் த கோ பறவைப் பூங்காவில் பூநாரைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். குழந்தைகளோடு வருபவர்களுக்கும் கேமராக்காரர்களுக்கும் அது போதும். அதை நடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். மேற்குக் கரையோரம் காஷரெலிலிருந்து மெஜான் பக்கம் போகும் மண்பாதை அழகானது, கூட்டமும் குறைவு. ஆனால் களிமண். மழை பெய்த பிறகு ஒவ்வொரு செருப்பின் அடியிலும் அரை கிலோ சேறு ஒட்டும். காய்ந்த வாரங்களில் மட்டும் யோசிக்கலாம்.

இனி கரைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கடல் உள்ளே புகாமலிருக்கக் கட்டிய தடுப்பு இது. சேந்த்-மரி தொடங்கி சாலின்-த-ஜிரோ பக்கம் வரை ஏறத்தாழ 20 கி.மீ. நீளம். விளக்கு வரையிலான பகுதியில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். வடக்கே கழிகள், தெற்கே மணலும் கடலும், இருபுறமும் உமரிச் செடி. சேந்த்-மரியிலிருந்து விளக்குக்கு சுமார் 12 கி.மீ. போய்வர 24 கி.மீ. சமதரைதானே என்று இந்தத் தூரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வழியில் ஒரு மரநிழல் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, நடுவில் விலகிப் போய்ச் சாலையைப் பிடிக்கக் குறுக்குவழியும் கிடையாது. பாதி தூரத்தில் கால் கொப்புளித்தால், முன்னே போனாலும் பின்னே போனாலும் அதே 6 கி.மீ.

இதற்கு மேல் காற்று. கமார்க்கில் எந்தப் பாதையை எடுப்பது என்பதை மற்ற எல்லாவற்றையும்விட மிஸ்ட்ரல்தான் தீர்மானிக்கிறது. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கு-வடமேற்கிலிருந்து இறங்கும் காற்று இது. ஒரு நாளில் ஓயலாம், பல நாள் விடாமலும் வீசலாம். குளிர்காலத்திலும் இளவேனிலிலும் வேகம் அதிகம். வேகம் மணிக்கு 100 கி.மீ. தாண்டும் நாட்களும் உண்டு. பொதுவாகப் பகல் ஏற ஏற வலுக்கும், இரவில் ஓரளவு தணியும். கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. கிழக்கே நடக்கும்போது மிஸ்ட்ரல் இடது பின்பக்கத்திலிருந்து தள்ளும். மேற்கே நடக்கும்போது வலக்கன்னத்தில் அறைந்துகொண்டே வரும். வடக்கே பல கிலோமீட்டர் திறந்த நீர்ப்பரப்பு என்பதால் தடுக்க ஒரு புதரும் இல்லை.

சேந்த்-மரியிலிருந்து காலையில் கிளம்புபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். உடலில் தெம்பு இருக்கும் நேரத்தில் காற்று மெதுவாகத்தான் இருக்கும், அதுவும் முதுகில்தான். மணிக்கு 5 கி.மீ. வேகம் தானாக வரும். விளக்கு வந்ததே தெரியாது. மதியத்துக்கு மேல் திரும்பும்போது காற்று உச்சத்தில் இருக்கும், முகத்தில் அடிக்கும். தண்ணீர் பாதி தீர்ந்திருக்கும். மணிக்கு 3 கி.மீ. போனாலே பெரிது, ஆகவே 4 மணி நேரம். குளிர்மாதத்தில் அதற்குள் இருட்டிவிடும். கிழக்கிலிருந்து தொடங்கினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். கஷ்டமான பாதி காலையில், காற்று வலுக்கும் முன்பே முடிந்துவிடும். களைத்த பாதியைக் காற்றே தள்ளிக் கொடுக்கும். எங்கே திரும்பலாம் என்பதும் நம் கையில். தென்கிழக்கிலிருந்து ஈரமான கடற்காற்று வீசும் நாட்களில் மட்டும் இது எதிர்மாறு. ஆனால் அந்தக் காற்று வந்தால் பெரும்பாலும் மேகமும் மழையும் கூடவே வருவதால் கரை நடைக்கே ஏற்ற நாள் அல்ல. முன்தினம் மெத்தியோ-பிரான்ஸ் முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, இடையிடையே திடீரென எகிறும் வீச்சு வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 40 கி.மீ. வரை நடக்கலாம். 60 என்றால் கரையை மறந்துவிடுங்கள்.

மிஸ்ட்ரலால் இன்னொரு விளைவும் உண்டு. இவ்வளவு ஆழமற்ற நீர்ப்பரப்பைப் பலமான காற்று அப்படியே தெற்கே சாய்த்துவிடும். வடகரையில் சேறு வெளியே தெரியும், தென்கரையில் நீர் ஏறும். நேற்று உப்புக்கொத்திகள் மேய்ந்த திட்டு இன்று நீருக்கடியில் இருக்கலாம். பறவைகள் காற்று படாத நாணல் ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும்.

கிழக்கிலிருந்து போகும் முறை: வில்நவ் வழியாக ஏரியின் கிழக்குக் கரையோரச் சாலையில் தெற்கே வாருங்கள். லா கப்பலியேர், சாலின் த பதோன், பிறகு பரதி என்ற சிற்றூர். அங்கே வலப்பக்கம் திரும்பினால் சாலை ஒரு கார் நிறுத்தத்தில் முடியும். விளக்குக்கு இன்னும் சுமார் 1 கி.மீ. நடை. 1882இல் கட்டிய சதுரக் கோபுரம். உள்ளே உள்ள கண்காட்சி எல்லா நாளும் திறந்திருக்காது, அதை நம்பி வராதீர்கள். விளக்கைத் தாண்டி மேற்கே 4 கி.மீ. போய்த் திரும்பினால் மொத்தம் 10 கி.மீ., பறவை பார்க்க நின்று நின்று 3 மணி நேரம். மீதி 8 கி.மீ.யில் புதிதாக எதுவும் இல்லை என்று சொல்லமாட்டோம். சேந்த்-மரி முனையில் கடலையும் கழிகளையும் இணைக்கும் மதகுகள் பார்க்க வேண்டியவை. வயல் வடிகால் நன்னீரும் கடல்நீரும் எந்த அளவில் கலக்கின்றன என்பதைப் பொறுத்தே ஏரியின் உப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆனால் அந்த மதகுகளை ஊரிலிருந்தே தனியாக ஒரு சிறு நடையில் பார்த்துவிடலாம்.

வெளிச்சமும் கரைக்குத்தான் சாதகம். நீர் வடக்கே இருப்பதால் சூரியன் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பூநாரை, கோணமூக்கு உள்ளான் எல்லாம் நிறத்தோடு தெரியும். வடகரைச் சாலையோரப் பார்வைமேடையில் நின்றால் குளிர்கால நண்பகலில் கண் கூசி, வாத்துகள் வெறும் கரும்புள்ளிகளாகத் தெரியும். தொலைநோக்கியின் முக்காலியை விரித்துத் தாழ்த்தி வையுங்கள், உயர்த்தினால் காற்றில் நடுங்கும். கோடையில் காலை 10 மணிக்கு மேல் கானல் அலையடிக்கும், எவ்வளவு விலையுள்ள தொலைநோக்கியும் உதவாது. தண்ணீர் வெயில்காலத்தில் ஆளுக்கு 3 லிட்டர், மற்ற மாதங்களில் பாதி போதும். பாதையில் மணலும் சரளையும் மாறி மாறி வரும். உயரக் கழுத்து பூட்ஸ் தேவையில்லை, மூடிய காலணி வேண்டும்.

கிழக்குப் பக்கத்துக்குக் கூடுதல் பலம் அதே சாலையில் மாற்று வழி இருப்பது. காற்று பொல்லாததாக இருந்தால் லா கப்பலியேரில் நிறுத்திவிடலாம். காப்பகத்தின் தகவல் மையம் அது. மரமும் புதரும் காக்கும் 1.5 கி.மீ. பாதை, பறவை பார்க்க மறைவுக்குடில்கள். கட்டணம் உண்டு, நாய்க்கு அனுமதியில்லை. ஏரி மேற்கே இருப்பதால் காலையில் போவது நல்லது. சாலின் த பதோன் பழைய உப்பளம், அங்கே 4.5 கி.மீ. பாதை, அதற்கான சீட்டை லா கப்பலியேரில்தான் வாங்க வேண்டும், அதுவும் ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான். முதலில் தெற்கே போய்விட்டுப் பிறகு சீட்டு வாங்கத் திரும்பி வருவது இங்கே அடிக்கடி நடக்கிற வேலை. பறவைக்காக மட்டுமே வருபவர்கள் கரையைவிட பதோனையே முதலில் வைக்கலாம், அதில் எங்களுக்குச் சண்டையில்லை.

கொசு எல்லாப் பாதைக்கும் பொது. காப்பகத்துக்குள் மருந்து தெளிப்பதில்லை. காய்ந்த சதுப்பில் இட்ட முட்டைகள் நீர் ஏறியதும் பொரிப்பதால், பெருமழைக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் கூட்டம் கூட்டமாக வரும். அப்போது காற்று வீசும் கரைதான் நிம்மதி. புதர் சூழ்ந்த லா கப்பலியேரில் முழுக்கைச் சட்டை போட்டும் தப்ப முடியாது.

கார் இல்லாதவர்களுக்கு மட்டும் எங்கள் தேர்வு உதவாது. ஆர்லிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு சேந்த்-மரிதான் வசதி. அங்கிருந்து விளக்கு வரை நடக்க வேண்டாம்; ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். அகலமான டயர் உள்ளதாகக் கேளுங்கள், மணல் திட்டுகளில் மெல்லிய டயர் புதையும். மிஸ்ட்ரல் நாளானால், போகும்போது ஒரு மணி நேரம் எடுத்த தூரத்துக்குத் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.