எல்லாரும் தலையாட்டணுமா, ஒருத்தர் சொன்னா போதுமா?

தலைமை டீம்ல ஒரு முடிவு இழுத்துக்கிட்டே போகுதுன்னா "இன்னும் கொஞ்சம் டேட்டா வரட்டும்"னு காரணம் சொல்லுவாங்க, ஆனா நான் உக்காந்த மீட்டிங்ல பாத்தது வேற, கடைசி வார்த்தை யாருதுன்னே அங்க யாருக்கும் தெரியாது. ஒரு சாஃப்ட்வேர் மாத்தலாமா வேணாமான்னு 5 மீட்டிங், ஒவ்வொண்ணுலயும் யாராவது லேப்டாப்ப மூடிக்கிட்டே "அடுத்த வாரம் பேசிக்கலாம்"னு எந்திரிப்பாங்க, போர்டுல போன தடவை எழுதின அதே மூணு ஆப்ஷன் அழியாம இருக்கும்.

எல்லாரும் ஒத்துக்கற வரைக்கும் பேசறதுங்கிற வழி எனக்கு வேண்டவே வேண்டாம். ஒருத்தர் முகம் சுளிச்சா கதை மறுபடி முதல்லேர்ந்து.

சோசியோகிரசின்னு, மேலேர்ந்து உத்தரவு போடாம குழுவாவே முடிவெடுக்கற நிர்வாக முறை ஒண்ணு இருக்கு, அதுல வர்ற சம்மத முறை பாக்க அதே மாதிரி இருக்கும் ஆனா கேள்வி வேற: "உங்களுக்கு பிடிச்சிருக்கா"ன்னு கேக்க மாட்டாங்க, "இத செஞ்சா நம்ம வேலைக்கு என்ன கெடும்"னு கேப்பாங்க, காரணத்தோட மறுப்பு வரலேன்னா முடிவு பாஸ். சின்ன டீமுக்கு அருமை.

பெயின் (Bain)ங்கிற நிர்வாக ஆலோசனை கம்பெனியோட ராபிட் (RAPID) முறைல சிபாரிசு பண்றவர், ஒப்புதல் தரவேண்டியவர், செஞ்சு முடிக்கறவர், தகவல் தர்றவர், முடிவெடுக்கறவர்னு 5 பங்கு முன்னாடியே பிரிச்சுடுவாங்க. ஒப்புதல் தர்ற இடத்துல நாலஞ்சு பேர உக்கார வெச்சா மட்டும் பழைய இழுபறிதான். சின்ன விஷயத்துக்கு இத போட்டா மலையக் கெல்லி எலியப் பிடிச்ச கதை ஆயிடும்.

அடுத்தது, ஒருத்தர் முடிவெடுக்க, ஒத்துக்காதவங்களும் முழு மனசோட சேந்து வேலை செய்யறது. அமேசானோட 2016 ஆண்டுக்கான ஷேர்ஹோல்டர் கடிதத்துல ஜெஃப் பெசோஸ் இத பத்தி எழுதிருக்காரு, வேணும்னு நெனைக்கற தகவல்ல 70% இருந்தாலே பெரும்பாலான முடிவ எடுத்துடலாம்னும் அதுலயே இருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்சது அதுல வர்ற உதாரணம், அமேசான் ஸ்டூடியோஸ் எடுக்க நெனச்ச ஒரு ஷோ அவருக்கு ஒத்து வரல, ஆனா டீம் வேணும்னு நின்னதால விட்டுக்கொடுத்தது அவருதான். பல இடத்துல மேனேஜர்ங்க இத தலைகீழா புடிச்சு ஜூனியர் வாய அடைக்க யூஸ் பண்றாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க.

என் சாய்ஸ்: பின்வாங்க முடியற முடிவுன்னா ஒருத்தர் பேரு, ஒரு தேதி, அவ்வளவுதான். ஆளக் குறைக்கறது, ஒரு பிரிவ விக்கறதுன்னு திரும்பி வர முடியாத விஷயம்னா ராபிட், அதுக்கு நேரம் ஆனாலும் பரவால்ல.

அந்த சாஃப்ட்வேர் கதைக்கு வர்றேன், ஆறாவது மீட்டிங்ல ஒருத்தர் பேர போர்டுல எழுதி கீழ "வெள்ளிக்கிழமை"ன்னு போட்டோம், அவங்க வியாழக்கிழமையே முடிவ சொல்லிட்டாங்க.