"பிறவியிலேயே அப்படி" என்பதா, "அவரவர் உரிமை" என்பதா?

ஒருபாலீர்ப்பு (தம் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு) கொண்டவர்களுக்காக இரண்டு விதமாக வாதாடுகிறார்கள். "பிறந்ததே அப்படித்தான்" என்பது ஒன்று. "காரணம் எதுவானாலும் சரி, வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வதில் மற்றவர்களுக்கு என்ன வேலை?" என்பது இன்னொன்று.

முதல் வாதம் சட்டென்று மனதைத் தொடும். "எங்கள் வளர்ப்பில்தான் தப்போ" என்று மருகும் பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். அறிவியலும் கொஞ்சம் துணை நிற்கிறது. அண்ணன்கள் எண்ணிக்கை கூடக்கூட ஆண்களிடம் ஒருபாலீர்ப்புக்கான வாய்ப்பு சற்றே உயர்வதாகப் பல ஆய்வுகள் கண்டன. ஒரே தாய் வயிற்று அண்ணன்கள் மட்டுமே கணக்கு. கூடவே வளர்ந்த தத்து அண்ணன்களால் அந்த விளைவு இல்லை. ஆகவே விஷயம் வளர்ப்பில் இல்லை, கருப்பையில் இருக்கிறது என்கிறார்கள்.

ஆனால் உரிமையை ஆய்வகத்தில் அடகு வைப்பது ஆபத்து. 1993இல் மரபியல் ஆய்வாளர் டீன் ஹேமரின் குழு, எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதிக்கு ஒருபாலீர்ப்போடு தொடர்பு இருக்கலாம் என்று சுட்டியதும் "ஒருபாலீர்ப்பு மரபணு" பற்றிய பேச்சு ஊரெல்லாம் பரவியது. 2019இல் சுமார் 4,70,000 பேரை ஆராய்ந்த ஆய்வு, அப்படி ஒற்றை மரபணு இல்லை, சிறு பங்களிக்கும் பல உண்டு என்றது. அதற்காக உரிமை குறைந்துவிடுமா? அப்புறம், உடலில் காரணம் இருக்கிறது என்றாலே சிலர் மருந்து தேடக் கிளம்புவார்கள். ஒருபாலுறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்ட பிரிட்டிஷ் கணித மேதை ஆலன் டூரிங்குக்கு, அந்த ஆசையை அடக்கவென்று ஹார்மோன்தான் கொடுத்தார்கள்.

எனக்கு இரண்டாவது வாதமே உறுதியானது. மதத்தை மாற்றிக்கொள்ள முடியும். அதனால் மத உரிமை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.