போர் மோட்டாரைத் தூக்கச் சொல்வதற்கு முன் கெப்பாசிட்டரைப் பாருங்கள்: கிருஷ்ணகிரியில் நாங்கள் இழந்த 29,500 ரூபாய்

நான் கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மாதத்தில் பாதி நாட்கள் வெளியூரில்தான் கழியும். கடந்த ஏப்ரலில், ராஜஸ்தானின் கிஷன்கரில் உள்ள ஒரு பளிங்குத் தொழிற்கூடத்துக்கு 12 நாள் வேலையாகப் போயிருந்தபோது, எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்கிறோம் என்று வந்தவர்கள் மூன்றே நாட்களில் 29,500 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டை விட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம் என்பதால், நடந்ததை ஒளிவு மறைவின்றி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மனைவி அழைத்தார். “என்னங்க, மோட்டார் போட்டா உறுமுது, உடனே கட்டாகிடுது. டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லை” என்றார். வீட்டில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் 74 வயது அம்மாவும், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த மகளும் இருந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர்தான். வழக்கமாக எங்களுக்கு வேலை செய்யும் காவேரிப்பட்டணத்து மெக்கானிக் அண்ணனை மூன்று முறை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தண்ணீர் இல்லாமல் எப்படிச் சுத்தம் செய்வது என்ற கவலையே என்னை அவசரப்படுத்தியது. கைப்பேசியில் தேடினேன். முதலில் வந்த விளம்பரத்தில் “24 மணி நேர சேவை” என்று இருந்த எண்ணை அழைத்தேன்.

பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். தங்கள் வண்டி 5 ரோடு ரவுண்டானா அருகிலேயே நிற்பதாகவும், 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னார். நீங்கள் ஊரில் இல்லையா, வீட்டில் ஆண்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டார். ஆட்கள் உதவிக்கு வேண்டியிருக்கும் என்பதற்காகக் கேட்கிறார் என்று நினைத்து, நான் ராஜஸ்தானில் இருக்கிறேன், பத்து நாள் கழித்துத்தான் வருவேன் என்று நானே சொல்லிவிட்டேன். நடந்தவற்றில் நான் அதிகம் வருந்துவது இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

மூன்று பேர் வந்தார்கள். வீடியோ அழைப்பில் என்னை வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை மோட்டாரைப் போட்டார்கள். வழக்கமாக 13 ஆம்பியர் அளவில் நிற்கும் முள் 30ஐத் தாண்டி ஏறியது, உறுமல் கேட்டது, ஸ்டார்ட்டர் கட்டாகிவிட்டது. “சார், காயில் எரிஞ்சிடுச்சு. தூக்கித்தான் ஆகணும்” என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். கையில் மீட்டர் எதுவும் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக்கூட அவர்கள் திறக்கவில்லை. நானும் இயந்திரங்களோடு பிழைப்பவன்தான். உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு முதலில் பார்க்க வேண்டியது, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்து மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பின்னால் பாதியில் நிறுத்திய இயந்திரத்தின் முன்பு தொழிற்கூடத்து மேலாளர் காத்துக்கொண்டிருந்தார். “சரி, தூக்குங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் கையில் எதுவும் இல்லை. 520 அடி ஆழத்திலிருந்து, 20 அடி நீளமுள்ள 26 பைப்புகளைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்தார்கள். அதற்கு 10,000 ரூபாய் என்றார்கள். ரீவைண்டிங் (எரிந்த காயிலை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது) செய்வதற்காக ஓசூருக்குக் கொண்டுபோகிறோம் என்று மோட்டாரை ஏற்றிச் சென்றவர்கள், மறுநாள் 13,500 ரூபாய் கேட்டார்கள். ஞாயிறு காலை மோட்டாரைக் கொண்டுவந்தபோது, கேபிள் ஜாயிண்ட் போன்றவற்றுக்காக மேலும் 4,000 ரூபாய் வேண்டும் என்றும், அதை அனுப்பினால்தான் பைப்பை இறக்குவோம் என்றும் சொன்னார்கள். முற்றம் முழுவதும் பைப்புகள் கிடந்தன. போர் வாய் திறந்து கிடந்தது. இரண்டு நாட்களாக டிராக்டர் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடங்களில் சுமந்துகொண்டிருந்த மனைவியிடம் நான் எதைச் சொல்லி மறுக்கச் சொல்வேன்? அனுப்பினேன். மோட்டாரை இறக்கினார்கள், அது ஓடியது. முகவரி இல்லாத, வெறும் தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ஊர் திரும்பிய மறுநாள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் புத்தம் புதியதாக இருந்தது. அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சீட்டிலும் எழுதவில்லை. பெட்டிக்குக் கீழே இருந்த செடிகளுக்குள் பழைய கெப்பாசிட்டர் உப்பிய நிலையில் கிடந்தது. என்னிடம் உள்ள மீட்டரால் சோதித்தேன். அதில் உயிர் இல்லை. சில நூறு ரூபாய்ப் பொருள் அது. அடுத்து, மனைவி எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்தேன். மோட்டாரை வெளியே எடுத்தபோது ஒன்றும், திரும்ப இறக்கும்போது ஒன்றுமாக, என்னிடம் காட்டுவதற்காக எடுத்திருக்கிறார். எங்கள் பகுதித் தண்ணீரின் உப்பு, மோட்டாரின் உடல் மீதும் போல்ட்டுகள் மீதும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து இறுகியிருக்கும். ரீவைண்டிங் செய்ய வேண்டுமானால் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றாமல் முடியாது. இரண்டாவது படத்திலும் போல்ட் தலைகளின் மீது அந்தப் படிவம் உடையாமல் அப்படியே இருக்கிறது. ஒகேனக்கலுக்குச் சுற்றுலா போய்வந்த பிள்ளைபோல என் மோட்டார் ஓசூர் வரை வண்டியில் போய்த் திரும்பியிருக்கலாம். ஆனால் யாரும் அதைத் திறக்கவில்லை.

தாமதமாகச் செய்தி அறிந்து வந்த காவேரிப்பட்டணத்து அண்ணன் படங்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் எனக்குச் சொன்னதையும், எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மோட்டார் உறுமி நின்றால், மெயினை அணைத்துவிட்டு, பழகிய ஒருவரைக் கொண்டு அதே அளவுள்ள வேறொரு கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் வீட்டில் உள்ளவர்கள் பெட்டிக்குள் கை வைக்கவே கூடாது. அப்போதும் ஓடவில்லை என்றால், பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் கழற்றி, மேலே இருந்தபடியே காயிலின் ஓம்ஸ் அளவைப் பார்க்கலாம். இரண்டு சோடிகளில் கிடைக்கும் சிறிய அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது சோடியின் அளவு ஏறத்தாழக் கிடைக்க வேண்டும். மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டரை வைத்துப் பார்த்தால் காயில் எர்த் ஆகியிருக்கிறதா, அதாவது மின்சாரம் மோட்டாரின் உடலுக்குக் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். எர்த் காட்டினால் கேபிளிலோ ஜாயிண்ட்டிலோகூடக் கோளாறு இருக்கலாம். அதற்கு மோட்டாரைத் தூக்கித்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் சேர்ந்தே அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் “காயில் போய்விட்டது” என்று சொல்பவரை, ஒரு பைப்பைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பிறகு பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்காது.

வெளியூரில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மீட்டரின் அளவை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரின் உடலில் பொறித்துள்ள எண்ணைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ரீவைண்டிங் என்றால் எந்தக் கடையில் என்று கேட்டு, அந்தக் கடைக்காரரிடமே பேசுங்கள். எரிந்த பழைய காயில் கம்பியைத் திரும்பத் தரச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் எவரும் இதற்குக் கோபப்படுவதில்லை. என்னிடமும் வாடிக்கையாளர்கள் இப்படிக் கேட்பதுண்டு. கழற்றிய உதிரிபாகத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். காவல் நிலையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர எண்ணியபோதுதான் அந்தத் துண்டுச் சீட்டின் பொருள் புரிந்தது: 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆனால் எந்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்புவது? அந்தக் கைப்பேசி எண் இப்போது அணைக்கப்பட்டிருக்கிறது. பணம் போன கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு முயன்று வருகிறேன்.

இப்போது எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். போரின் ஆழம், மோட்டார் இறக்கிய ஆழம், 2 எச்பி, ஸ்டார்ட்டிங், ரன்னிங் என்ற இரண்டு கெப்பாசிட்டர்களின் அளவு, மெக்கானிக் அண்ணனின் எண், அவர் எடுக்காவிட்டால் அழைக்க வேண்டிய அவருடைய தம்பியின் எண் ஆகியவை அதில் உள்ளன. காஸ் கசிவுக்கான 1906, மின்தடைக்கான மின்னகம் எண் 94987 94987 ஆகியவற்றையும் எழுதி வைத்தேன். அவசரத்தில் இணையத்தில் எண் தேடும் நிலை எங்கள் வீட்டில் இனி வரக்கூடாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பாவிடம், நான் ஊரில் இல்லாதபோது அவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்த வேலையும் தொடங்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்தில் இதே போல முன்பணம் வாங்கி, மீட்டர் வைக்காமல் மோட்டாரைத் தூக்கியவர்களிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், சீட்டையும், பணம் அனுப்பிய பதிவையும், படங்களையும் அழித்துவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது.