கோரோஸ் பேஸ் 3-ஆ, கார்மின் 265-ஆ?

புதிதாக ஓட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எது தூரத்தைச் சரியாகக் காட்டும்?" என்பதுதான். 2023-ல் வந்த இந்த இரண்டு ஓட்ட வாட்ச்களைப் பொறுத்தவரை (கோரோஸ் பேஸ் 3, கார்மின் ஃபோர்ரன்னர் 265) அதில் மண்டையைக் குடைந்துகொள்ளத் தேவையில்லை. இரண்டுமே எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளில் செயற்கைக்கோள் சிக்னலை வாங்குகின்றன. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பித் தாமதமாக வருவதால்தான், ரோட்டோரம் ஓடிய நம்மை பழைய வாட்ச்கள் யார் வீட்டு மொட்டை மாடியிலோ ஓடவிட்டுக் கோடு போடும். நேராக வந்தது எது, பட்டுத் திரும்பியது எது என்று பிரிக்க எல்5 உதவும்.

வித்தியாசம் வேறு இடத்தில். பேஸ் 3, நைலான் பட்டையோடு 30 கிராம். 265, 47 கிராம். ஓடும்போது இந்த 17 கிராம் ஒன்றுமே இல்லை. ராத்திரி தூக்கக் கணக்குக்காகக் கட்டிக்கொண்டு படுத்தால்தான் தெரியும்.

திரையைப் பார்த்தால் கடையில் 265-தான் ஜெயிக்கும், தானே ஒளிரும் அமோலெட் திரை ஆயிற்றே. பேஸ் 3 அங்கே பழைய கால்குலேட்டர் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் காலை 8 மணி வெயிலில் கையைத் திருப்பிப் பாருங்கள், வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகிக்கொண்டே போகும். சார்ஜும் அதனால்தான் நிற்கிறது: ஜிபிஎஸ் போட்டு 38 மணி நேரம், இரண்டு அலைவரிசையும் போட்டால் 15. 265-ல் அதுவே 20, 14. மாரத்தானை 5 மணி நேரத்தில் முடிப்பவருக்கு இரண்டும் போதும், 100 கிலோமீட்டர் ஓடப் போகிறவருக்கு இரண்டு அலைவரிசையில் 14, 15 இரண்டுமே போதாமல் போகலாம், ஜிபிஎஸ் மட்டும் போட்டால் பேஸ் 3-ன் 38 கைகொடுக்கும்.

பட்டன் விஷயத்தில் என் ஓட்டு 265-க்கு. ஐந்து பட்டன், கண்ணால் பார்க்காமலே அமுக்கலாம். (முன்பு வேறொரு வாட்ச் வைத்திருந்தேன், நிறுத்த வேண்டுமென்றால் திரையைத்தான் தொடணும், வியர்வை விரலை அது மதிக்கவே மதிக்காது, வீட்டுக்கு வந்து குளித்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தேன் அதன் கணக்கில்.) பேஸ் 3-ல் திருகி அமுக்கும் குமிழ் ஒன்று, பட்டன் ஒன்று. பழகிவிடும்.

அப்புறம் மலைப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: இரண்டிலுமே மேப் கிடையாது. வெறும் திரையில் நீங்கள் ஏற்றிய பாதை ஒரு கோடாக வரும், அவ்வளவுதான். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு தடமும் ஒட்டி ஒட்டிப் போனால், தப்பானதில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கோட்டை விட்டு விலகியது தெரியவரும். மேப் வேண்டுமென்றால் கார்மினின் 965-க்குப் போங்கள், இல்லையா, போனில் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவும் நல்லதுதான், ஆனால் ஐபோன் வேண்டும், இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது சார்ஜ் போடணும்.

கோச் இல்லாதவர்களுக்கு 265 தினமும் "இன்று இவ்வளவு நேரம், இந்த வேகம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும், அது சிலருக்கு ரொம்பப் பிடிக்கும். அறிமுக விலை பேஸ் 3-க்கு 229 டாலர், 265-க்கு 449. நான் பேஸ் 3 வாங்கி, மிச்சத்தில் இதயத்துடிப்பை அளக்கும் ஒரு நெஞ்சுப் பட்டை வாங்குவேன். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் நாட்களில் மணிக்கட்டில் காட்டும் இதயத்துடிப்பை, எந்த வாட்சாக இருந்தாலும், நான் நம்புவதில்லை.