காற்றடிக்கும் ஆறுகளுக்கு எந்த ஃப்ளை தூண்டில் கோல்? கேன்டர்பரியில் நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

காற்றில் வீசுவதற்கென்று ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சி) தூண்டில் கோல் வாங்கப் போனால் கடைக்காரரும் சக தூண்டில்காரர்களும் பெரும்பாலும் ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள்: இருப்பதிலேயே விறைப்பான, வளைந்ததும் சட்டென்று நிமிரும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் கோலாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் தென்தீவில், கேன்டர்பரிச் சமவெளியிலும் அதற்குத் தென்மேற்கேயுள்ள மெக்கன்சி வடிநிலத்திலும் பல பருவங்களாக மூன்று கோல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு, அந்த அறிவுரை பாதிதான் சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். காற்று நாட்களில் மீன் கிடைப்பது பெரும்பாலும் பக்கத்தில்தான். ஆகவே, குறைந்த தூர வீச்சிலேயே வளைந்து விசை தரக்கூடிய கோல்தான் காற்றுக்கு ஏற்றது. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே தூண்டில் போடுகிறவர்களுக்குப் பெரும் சோதனை வடமேற்குக் காற்றுதான். டாஸ்மன் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஏறி, மேற்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் வறண்டு சூடேறி இறங்குகிறது. மலைமுகட்டுக்கு இணையாக ஒரு பெரிய வளைவாக மேகமும், அதன் கீழே பளிச்சென்று நீல வானமும் தெரிந்தால், அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். வசந்த காலத்தில், அதாவது இங்கே மீன்பிடிப் பருவம் தொடங்கும் அக்டோபரை ஒட்டி, இந்தக் காற்று அடிக்கடி வரும். அப்போது ரக்காயா, ரங்கிடாட்டா, வைமக்கரிரி போன்ற பேராறுகளின் தலைப்பகுதிகளில் மழை பெய்வதால் அவை கலங்கி, சாம்பல் நிறத்தில் ஓடும். தெளிந்த நீர் வேண்டுமென்றால் ஊற்றுநீர் ஓடைகளுக்கோ ஏரிக்கரைகளுக்கோதான் போக வேண்டும். அங்கேயோ பல இடங்களில் ஒதுங்குவதற்கு மரம்கூட இருக்காது.

திசையும் நமக்கு எதிராகவே அமைகிறது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன் என்பதால், அதன் கண்ணில் படாமல் இருக்கப் பின்னாலிருந்து, அதாவது ஆற்றின் மேல்முகமாக நடந்துதான் அணுக வேண்டும். வடமேற்குக் காற்றோ மலையிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே கீழ்முகமாக இறங்குகிறது. எனவே வீச்சு ஒவ்வொன்றும் நேரே காற்றின் முகத்தில்தான். பிரவுன் ட்ரவுட் இந்த நாட்டு மீன் அல்ல. 1867இல் டாஸ்மேனியாவிலிருந்து முட்டைகளாகக் கொண்டுவரப்பட்டது. கண்ணாடிபோன்ற இந்த ஆறுகளில் அது வளர்ந்து பெருத்திருக்கிறது. மிகுந்த எச்சரிக்கை உள்ள மீனும்கூட. அதை ஏமாற்ற, காற்றில்லாத நாளில் 12 முதல் 14 அடி நீளமுள்ள லீடர் (தடித்த லைனின் நுனிக்கும் ஃப்ளைக்கும் இடையிலான மெல்லிய நூல்) கட்டுவது வழக்கம். அந்த நீண்ட மெல்லிய லீடரைத்தான் எதிர்க்காற்று முதலில் சுருட்டித் திருப்பி நம் காலடியில் போடும்.

ஆனால் இதே காற்று நமக்கு இரண்டு உதவிகளையும் செய்கிறது. நீரின் மேற்பரப்பில் சிற்றலை எழும்பும்போது மீனுக்கு நாம் தெளிவாகத் தெரிவதில்லை. அமைதியான நாளில் இருபது மீட்டர் தள்ளியே கலைந்து ஓடும் மீனை, சிற்றலை உள்ளபோது எட்டு அல்லது பத்து மீட்டர் வரை நெருங்கலாம். அதோடு, கோடையில் புல்மேட்டிலிருந்தும் வில்லோ மரங்களிலிருந்தும் வண்டுகளையும் சிள்வண்டுகளையும் காற்று தண்ணீரில் தள்ளுவதால், அவற்றைத் தின்பதற்காக மீன்கள் கரையை ஒட்டியே வந்து நிற்கும். நான் காற்றில் பிடித்து விட்ட நல்ல மீன்களில் பெரும்பாலானவை இப்படிக் கரையிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றவைதான். கோல் தேர்வைப் பற்றிப் பேசும்போது இந்த விஷயத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி எடைக் கணக்கு. ஃப்ளை தூண்டிலில் தூக்கி எறியப்படுவது தூண்டில் முள்ளின் எடை அல்ல, லைன் எனப்படும் தடித்த தூண்டில் கயிற்றின் எடை. லைனின் முதல் 30 அடி எத்தனை கிரெயின் எடை உள்ளது என்பதை வைத்து அதற்கு எண் தருகிறார்கள், அதற்கேற்ற கோலுக்கும் அதே எண்தான்: 5 வெயிட் என்றால் 140 கிரெயின், 6 வெயிட் 160, 7 வெயிட் 185, 8 வெயிட் 210. கிராமில் சொன்னால் 5 வெயிட் ஏறத்தாழ 9, 7 வெயிட் 12. வேறுபாடு சிறிதுபோலத் தோன்றினாலும் காற்றில் அது பெரிதாகத் தெரிகிறது. லைன் தடிக்கும்போது அதன் எடை விட்டத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. காற்று உரசும் பரப்போ விட்டத்தின் அளவில் மட்டுமே கூடுகிறது. ஆகவே கனமான லைன் தன் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழப்பதில்லை. ஒரு வெயிட் கூட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான், அதை நானும் ஏற்கிறேன்.

என்னிடமுள்ள மூன்று கோல்களும் 9 அடி நீளம், நான்கு துண்டுகள், கார்பன் இழையால் ஆனவை. தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாடல்களை மாற்றிவிடுவதால், பெயரைவிட வகைதான் வாசகருக்குப் பயன்படும் என்று கருதி வகையை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நடுத்தர ஆக்‌ஷன் கொண்ட 5 வெயிட். காற்றில்லாத மாலையில் இதைவிட இன்பமான கோல் இல்லை. பாதிக் கோல்வரை வளைந்து, லைனை அகலமான லூப்பாக (காற்றில் லைன் போடும் மடிப்பு வளைவு) விரித்து, ஃப்ளையை மெதுவாக இறக்கும். அந்த அகலமான லூப்தான் எதிர்க்காற்றில் இதன் பலவீனம். லூப்பின் மேல்தளமும் கீழ்த்தளமும் விலகியிருக்கும்போது காற்றுக்கு முட்டும் பரப்பு அதிகமாகிறது. கோலின் நுனி நின்ற பிறகும் அசைந்துகொண்டே இருப்பதால் லைனில் அலைகள் ஓடி விசையைத் தின்றுவிடுகின்றன. மிதமான காற்றுவரை சமாளிக்கலாம். அதற்கு மேல் இதை வெளியே எடுப்பதில்லை.

இரண்டாவது, மிக விறைப்பான 7 வெயிட். இதைக் கையில் எடுத்து இருபது மீட்டருக்கு மேல் லைனை வெளியே விட்டு வீசினால், இதன் பெருமை உடனே புரியும். லூப் ஒடுங்கி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். டெக்காப்போ, பென்மோர் போன்ற ஏரிகளின் கரையிலும், ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களிலும், கனமான ஸ்ட்ரீமரை (சிறுமீன்போல் கட்டிய ஃப்ளை) எறிவதற்கு நான் இதைத்தான் கொண்டுபோகிறேன். ஆனால் ஓடையில் எட்டு மீட்டரில் நிற்கும் மீனுக்கு இது ஒத்துவரவில்லை. லீடர் போக வெளியே இருப்பது நான்கைந்து மீட்டர் லைன்தான். அந்த எடைக்கு இந்தக் கோல் வளைவதே இல்லை. வளையாத கோல் விசையைத் தேக்குவதில்லை, எனவே வீசுகிறவரின் தோளும் மணிக்கட்டுமே எல்லா வேலையையும் செய்ய வேண்டும். மதியத்துக்குள் முன்கை இறுகிவிடும். இறுகிய கையால் வீசும்போது துல்லியமும் போய்விடும். லீடரின் கடைசி நுனியான மெல்லிய டிப்பெட்டோடு பெரிய மீன் மாட்டினால், நுனியில் நெகிழ்வு இல்லாததால் டிப்பெட் அறுந்துபோகும் அபாயமும் உண்டு.

மூன்றாவது, 6 வெயிட், ஃபாஸ்ட் ஆக்‌ஷன்தான். ஆனால் அடிப்பகுதி உறுதியாகவும் மேல் மூன்றில் ஒரு பகுதி எளிதில் வளைவதாகவும் இருப்பது. வாங்கிய நாளிலிருந்து காற்று நாட்களில் என் கையில் அதிகம் இருந்தது இதுவே. குறைந்த லைன் வெளியே உள்ளபோது நுனிப்பகுதி மட்டும் வளைந்து வேலை செய்கிறது. தூரம் கூடக் கூட வளைவு கீழே இறங்கி, அடிப்பகுதியின் பலம் வந்து சேர்கிறது. அசைவும் உடனே அடங்கிவிடுகிறது. அஹுரிரி ஆற்றின் ஒரு கரையோரத்தில், எதிர்க்காற்று புல்லைத் தரையோடு சாய்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், வண்டு ஃப்ளையை நீர்மட்டத்துக்கு ஒரு முழ உயரத்தில் பக்கவாட்டாக வீசியபோது, லீடர் முழுவதும் நேராகத் திறந்து, மீனின் மூக்குக்கு இரண்டடி முன்னால் ஃப்ளை விழுந்தது. 7 வெயிட்டில் அந்தத் தாழ்ந்த, குறுகிய வீச்சு எனக்கு ஒருபோதும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

கோலைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அதே கோலில் லைனை மாற்றியபோது கிடைத்த முன்னேற்றம் வியக்கத்தக்கது. எடை முன்பக்கம் குவிந்த, தலைப்பகுதி குட்டையான மிதக்கும் லைனைப் போட்டால், குறைந்த தூரத்திலேயே கோலுக்கு வேண்டிய எடை கிடைத்துவிடுகிறது. இது தண்ணீரில் சற்றுத் தடாலென்று விழும் என்பது உண்மை. காற்றடிக்கும் நாளில் சிற்றலை அந்த ஓசையை மறைத்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இப்போது வரும் பல லைன்கள் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைவிட அரை வெயிட், சிலவற்றில் ஒரு வெயிட் கூடவே கனமாகத் தயாரிக்கப்படுகின்றன. அதைப் பார்க்காமல், காற்றுக்காக இன்னொரு வெயிட்டும் கூட்டிப் போட்டால், கோல் சுமை தாங்காமல் தொய்ந்து, லூப் அகன்று, எதற்காகக் கூட்டினோமோ அதற்கு நேர்மாறாக முடியும். கிரெயின் எடையைப் பெட்டியின் பின்பக்கத்தில் படித்துவிட்டு வாங்குவதே நல்லது. ஏரியில் மேற்பரப்பில் வீச வேண்டிய தேவை இல்லையென்றால், மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் லைன் இன்னும் மேல். அதே எடைக்கு அது மெல்லியதாக இருப்பதால் காற்றில் எளிதாகப் போகும்.

லீடரை 9 அடிக்குக் குறைத்து, அதன் அடிப்பகுதியைத் தடிப்பாக வைத்துக்கொள்கிறேன். இறகு புசுபுசுவென்று நிற்கும், நீரில் மிதக்கும் ட்ரை ஃப்ளைகளைக் காற்று நாளில் பெட்டியிலேயே விட்டுவிட்டு, தண்ணீரோடு ஒட்டி மிதக்கும் ஃபோம் வண்டுகளைக் கட்டுகிறேன். வீச்சில், எதிர்க்காற்றுக்குப் பின்வீச்சை உயர்த்தி முன்வீச்சைத் தாழ்த்த வேண்டும். பின்னாலிருந்து காற்று வந்தால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இடது கையால் லைனை இழுத்து வேகம் கூட்டும் டபுள் ஹால் தெரியாமல் எந்தக் கோலும் எதிர்க்காற்றில் முழுப் பலனைத் தராது. பத்து மீட்டர் வீச்சுக்குக்கூட ஒரு சிறிய இழுப்பு லூப்பை இறுக்கிக் கொடுக்கிறது.

வீசும் கைப்பக்கமிருந்து வரும் காற்று எல்லாவற்றிலும் ஆபத்தானது. டங்ஸ்டன் மணி கோத்த நிம்ஃப் (நீருக்குள் மூழ்கும் ஃப்ளை) காது ஓரமாகப் பாயும் வேகத்தை ஒருமுறை உணர்ந்தவர்கள் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஆற்றில் இறங்க மாட்டார்கள். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை நசுக்கிவிட்டு, கோலை மறுதோளுக்கு மேலாகச் சாய்த்து வீசுவதுதான் பாதுகாப்பு. அந்த நிம்ஃப் கோலிலும் மோதும். என் 6 வெயிட்டின் மேலிருந்து இரண்டாவது துண்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கீறல் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும்; சில வாரங்கள் கழித்து, ஒரு சாதாரண வீச்சின் நடுவே அந்த இடத்தில் கோல் முறிந்தது. தயாரிப்பாளர் துண்டை மாற்றிக் கொடுத்தார், ஆனால் பருவத்தின் நல்ல பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது. மெல்லிய சுவரும் குறைந்த எடையும் கொண்ட கோல்கள் காற்றில் வேகமாகப் போகும் என்பது சரி. அடிபட்டால் தாங்கும் திறன் அவற்றுக்குக் குறைவு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

காற்றில் பக்கவாட்டாகவும் சுழற்றியும் வீசுவதால் துண்டுகள் இணையும் இடங்கள் மெல்லத் திருகிக்கொண்டு தளர்கின்றன. மணிக்கொருமுறை வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று கோல் வழியே பார்த்து, இறுக்கிக்கொள்வது என் வழக்கம். இணைப்புகளில் சாதாரண மெழுகுவத்தியைத் தேய்த்தால் பிடிப்பு நிற்கிறது. கைப்பிடியில் கட்டைவிரல் ஊன்றும் இடம் சற்று மேடாக இருக்கும் ஃபுல் வெல்ஸ் அமைப்பு 6 வெயிட்டுக்கும் வேண்டும் என்பது என் விருப்பம்; பல நிறுவனங்கள் அதை 7, 8 வெயிட்டுகளுக்கு மட்டுமே வைக்கின்றன. லைனைச் சுற்றிவைக்கும் ரீலில் சட்டம் முழுமையாகச் சூழ்ந்த வகையைத் தேர்ந்தால், காற்றில் தொய்யும் லைன் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையே நுழையாது.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் கோலை ஆட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். புல்வெளியில் வீசிப் பார்க்க விடும் கடைக்குப் போய், உங்கள் லைனையே போட்டு, காற்றடிக்கும் நாளில், காற்றைப் பார்த்து நின்று, முதலில் ஐந்து மீட்டர் லைனோடு பக்கவாட்டாக வீசுங்கள். லீடர் நேராகத் திறந்தால் பத்து, பிறகு பதினைந்து மீட்டருக்குப் போகலாம். குறைந்த தூரத்தில் தோற்ற கோல், இருபத்தைந்து மீட்டரில் எவ்வளவு அழகாகப் பறந்தாலும் ஆற்றுக்கு வேண்டாம். ஏரிக்கும் முகத்துவாரத்துக்கும் மட்டும் போகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கோல் வாங்க வசதி உள்ளவருக்கு 6 வெயிட்டும் 8 வெயிட்டும் என் பரிந்துரை. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 6 வெயிட்டில் நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து, மீதமுள்ள பணத்தில் குட்டைத் தலை லைன் ஒன்றும், அந்த நிறுவனம் விற்குமானால் உதிரி நுனித்துண்டு ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.